மன்னிப்பு யாரிடம் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் குற்றவுணர்வையும் மன்னிப்பையும் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். செய்த பிழைக்கு வருந்தி மன்னிப்புக் கேட்கும் பழக்கம் பாதிரிமார்களோடு கப்பலேறி வந்தது என்றும், பழந்தமிழரிடம் வினைப்பயன் என்ற எண்ணம் இருந்ததேயன்றி மனம் வருந்தித் திருந்துதல் என்ற எண்ணம் இருந்ததில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குற்றவுணர்வு ஒரு சுமை, அதை ஆண்டவனிடம் இறக்கிவைத்துவிட வேண்டும், ஆண்டவனை நம்பாதவர்கள் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டு மேற்கொண்டு நடக்க வேண்டும் என்று முடித்தும் இருக்கிறார். முதலில் சொன்னது பிழை என்பதற்கு நம் இலக்கியமே சான்று. இரண்டாவது கருத்தை மறுக்க என்னிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவர்க்கும் மகளிரின் கருவைச் சிதைத்தவர்க்கும்கூட ‘வழுவாய் மருங்கில் கழுவாயும் உள’ என்கிறார். பிராயச்சித்தம் என்று வடமொழியில் சொல்வதற்குக் ‘கழுவாய்’ என்ற தமிழ்ச்சொல் அன்றே ஆட்சியில் இருந்தது. ஒருவர் செய்த நன்றியைக் கொன்றவர்க்கு மட்டும் அதுவும் இல்லை என்பது அப்பாட்டின் முடிவு. திருக்குறளின் 110ஆம் குறளும் அதையே சொல்கிறது. எதற்குக் கழுவாய் உண்டு, எதற்கு இல்லை என்று தரம் பிரித்துப் பேசும் அளவுக்கு ஒரு சமூகம் இதைப் பற்றி யோசித்திருக்கிறதென்றால், அந்த எண்ணமே அதனிடம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

‘மன்னிப்பு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தமிழ்தானா என்று ஐயுறுவோர் உண்டு. தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த ஊர் எங்கள் சேலம் என்பதால், இங்கே ஒரு தலைமுறைக்கே சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேர் எதுவாயினும் ஆகட்டும். வள்ளுவர் ஆளும் சொல் ‘பொறுத்தல்’. ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’ என்கிறார். பொறுப்பது என்றால் சுமப்பது. அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைத்தான் அவர் அதற்கு உவமையாகக் காட்டுகிறார். ஆகவே தமிழில் ஒருவரிடம் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது, என் பிழையின் பாரத்தை நீங்கள் கொஞ்ச நாள் சுமந்துகொள்ளுங்கள் என்று கேட்பதுதான். சுமக்க வேண்டியவர் யாரோ அவரிடம்தானே அதைக் கேட்க வேண்டும்?

சிலப்பதிகாரம் இதை நன்றாக அறிந்த காப்பியம். மதுரையில் ஆயர்குடியில், கண்ணகி சமைத்துப் போட்ட கடைசி உணவை உண்டு முடித்த கோவலன், அவளை அருகே அழைத்துத் தன் பிழைகளைத் தானே எண்ணிச் சொல்கிறான். வீணர்களோடும் பரத்தரோடும் கூடித் திரிந்தேன், நன்னெறியைக் கெடுத்தேன், முதிய பெற்றோருக்குச் செய்ய வேண்டியதில் தவறினேன், ‘சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’ என்கிறான். ஊரெல்லாம் கோயில் இருந்தும் அவன் கோயிலுக்குப் போய் அழவில்லை. யாருக்குச் சிறுமை செய்தானோ அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் விடையும் கவனிக்கத்தக்கது. ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்று அவள் சொல்லவில்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று பிழையைப் பிழையென்றே சொல்லிவிட்டு, மாறாத உள்ளத்தோடு வாழ்கிறவள் ஆதலால் நீங்கள் எழுக என்றதும் எழுந்து வந்தேன் என்கிறாள். பிழையைக் குறைத்துப் பேசாமலே உறவைக் காப்பாற்றும் அந்த இரண்டு வரிக்கு ஈடாக ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பாண்டியன் கதை வேறு. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி, ‘கெடுகவென் ஆயுள்’ என்று அந்த இடத்திலேயே வீழ்ந்து இறந்தான். மேடைதோறும் இதை நீதியின் உச்சம் என்று பேசுகிறோம். ஆனால் அவன் அந்த நொடியே இறந்துவிட்டதால், கண்ணகியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே போனான் என்ற குறையும் அதில் இருக்கிறது. அவள் மறுமொழி வஞ்சிக் காண்டத்தில்தான் வருகிறது. தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி ‘தென்னவன் தீதிலன்’ என்றும், ‘நான் அவன்தன் மகள்’ என்றும் சொல்கிறாள். ஊரையே எரித்தவள் வாயிலிருந்து, அவளாகவே, காலம் கடந்து வந்த சொல் அது. வேறு எந்தத் தெய்வமோ முனிவரோ அவள் சார்பில் அதைச் சொல்லியிருந்தால் அச்சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

சிலம்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். செவ்வாய்ப்பேட்டையில் என் தந்தையார் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். கட்டி வெள்ளியை எடைபோட்டுத் தொழிலாளியிடம் கொடுப்போம். கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து அவர் கொலுசாகத் திருப்பித் தரும்போது சேதாரம் கழித்து எடையைச் சரிபார்ப்போம். சீட்டு, கையெழுத்து என்று எதுவும் கிடையாது; நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, அந்த நோட்டை எழுதும் வேலை என்னிடம் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக எங்களிடம் வேலை செய்த ஒரு தொழிலாளி ஒருநாள் கொண்டுவந்து கொடுத்த கொலுசு, நோட்டில் உள்ள எடைக்கு 90 கிராம் குறைந்தது. “நான் வாங்கினது அறுநூத்தி எழுபதுதாங்க” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நோட்டில் 760 என்று இருந்தது. என் தந்தையார் நோட்டை நம்பினார். தொழிலாளியின் கூலியில் அந்த எடையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு தீர்ந்ததும் அவர் வேலையை விட்டுப் போனார். தெருவில் பேச்சுப் பரவிவிட்டதால் வேறெந்தப் பட்டறையிலும் அவரை நம்பி யாரும் வெள்ளி கொடுக்கவில்லை.

ஆண்டுக் கணக்கு முடித்தபோது கையிருப்பில் 90 கிராம் வெள்ளி அதிகமாக இருந்தது. அன்று இரவு நோட்டின் பக்கங்களைப் புரட்டியபோது எனக்குப் புரிந்துவிட்டது. 670 என்று காதில் விழுந்ததை 760 என்று எழுதியது என் கை. அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போனது போகட்டும், அம்மனுக்குச் செஞ்சிடலாம்” என்றார். மறு ஆடியில் அந்த 90 கிராமையும் கண்மலர்களாகத் தட்டிக் கோட்டை மாரியம்மனுக்குச் செலுத்தினோம். அவற்றை மெருகு போட்டவன் நான். அம்மன் சந்நிதியில் அப்பா கண்ணீர் விட்டு அழுததையும் பார்த்தேன்; அது நடிப்பல்ல. ஆனால் அந்தத் தொழிலாளியின் வீடு எங்கள் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே அப்பா போகவில்லை, நானும் போகவில்லை.

இந்தக் குற்றவுணர்வைத்தான் கட்டுரையாளர் இறக்கிவைக்கச் சொல்கிறார். நாங்கள் இறக்கித்தான் வைத்தோம், வெள்ளியாகவே. ஆனால் இறக்கிய இடம் தவறு.

பக்தி இலக்கியத்தைக் குறை சொல்ல நான் யார்? ‘யானேபொய் என்நெஞ்சும் பொய்என் அன்பும்பொய், ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே’ என்ற மணிவாசகர் வாக்கைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சூலைநோயில் துடித்த நாவுக்கரசர் ‘கொடுமைபல செய்தன நானறியேன்’ என்று திருவதிகையில் பாடியதும் அப்படித்தான். ஆயினும் பட்டினத்தாரின் ‘கல்லாப் பிழையும் கருதாப் பிழையும்’ என்ற பாட்டை ஒருநாள் மெதுவாகப் படித்துப் பாருங்கள். நில்லாப் பிழை, நினையாப் பிழை, ஐந்தெழுத்தைச் சொல்லாப் பிழை, துதியாப் பிழை, தொழாப் பிழை என்று அடுக்கி, எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய் கச்சி ஏகம்பனே என்று முடிகிறது. அத்தனையும் இறைவனுக்குச் செய்த பிழை. அவனுக்குச் செய்ததை அவனிடம் கேட்பது முறைதான். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்தது அந்தப் பட்டியலில் இல்லை; ‘எல்லாப் பிழையும்’ என்ற சொல்லுக்குள் அதையும் நாமாகச் சொருகிக்கொள்கிறோம். என் தந்தையார் அந்தப் பாட்டை நாள்தோறும் பாடியவர்.

இதன் பக்கத்தில், 1854இல் வெளிவந்த மனுமுறைகண்ட வாசகத்தை வைத்துப் பாருங்கள். தேர்க்காலில் கன்று மாண்ட செய்தி கேட்ட சோழன், தான் என்ன பாவம் செய்திருப்போமோ என்று புலம்புவதாக வள்ளலார் எழுதுகிறார். ‘நல்லோர் மனத்தை நடுங்கச் செய்தேனோ’ என்று தொடங்கும் அந்த நீண்ட பட்டியலில் தெய்வக் குற்றமும் உண்டு. ஆனால் பெரும்பகுதி மனிதன் மனிதனுக்குச் செய்யும் தீங்கு. வலிய வழக்கிட்டு மானம் கெடுத்தேனோ, கோள் சொல்லிக் குடும்பம் கலைத்தேனோ, பசித்தோர் முகத்தைப் பாராதிருந்தேனோ என்று போகும் அந்த அடுக்கில் ‘வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ’ என்ற வரி வரும். முதன்முறை அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

பிற சமயங்களிலும் இந்தக் கண்டிப்பு இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். கிறிஸ்தவம் கொண்டுவந்த மன்னிப்பு என்று அவர் சொல்வதன் மூல நூலிலேயே, காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள், பிறகு வந்து செலுத்து என்று இயேசு சொல்வதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கண்மலர் செலுத்துவதற்கும் அது பொருந்தும். வரி தண்டிய சக்கேயு மனம் மாறியபோது, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றுதான் சொன்னார். பாவசங்கீர்த்தனம் என்று எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் சொல்லிவந்ததை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஒப்புரவு என்பது வள்ளுவர் ஊருக்கு உதவி வாழ்வதற்கு வைத்த பெயர். பாவமன்னிப்புக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாரோ, அவர் குறள் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இஸ்லாத்தில் தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து மனம் திரும்புவதற்கு, பாவத்தை விடுவது, அதற்காக வருந்துவது, இனிச் செய்யமாட்டேன் என உறுதிகொள்வது என மூன்றைச் சொல்வார்கள். பாவம் இன்னொரு மனிதரின் உரிமை தொடர்பானதென்றால் நான்காவதாக, அதை உரியவரிடம் திருப்பித் தரவோ அவரிடமே மன்னிப்புப் பெறவோ வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் என் நண்பர் ஒருவர் வீடு வீடாக ஏறி, தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வெள்ளி வணிகத்தில் உள்ள வடநாட்டுச் சமணர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, தம் பிழைகளைப் பொறுக்க வேண்டி, ‘மிச்சாமி துக்கடம்’ என்று கைகூப்புவார்கள். இப்போது அது பெரும்பாலும் கைபேசியில் ஒரே செய்தியாக எல்லோருக்கும் போய்விடுகிறது. கடன் பாக்கி வைத்திருப்பவரிடமிருந்தும் எனக்கு வந்தது. யூத மரபு இன்னும் நுணுக்கமானது. மனிதனுக்குச் செய்த பிழையை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் போக்காது என்கிறது அது. பிழைக்கு ஆளானவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவர் கல்லறைக்குப் போய், இறைவனுக்கும் இந்த மனிதருக்கும் நான் இன்ன பிழை செய்தேன் என்று அவர்கள் முன் சொல்ல வேண்டுமாம்.

‘தன்னைத் தானே மன்னித்தல்’ என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்ற வள்ளுவர், அந்த நெஞ்சையே நீதிபதியாகவும் உட்காரவைத்து விடுதலைத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்ற குறளின் பிற்பகுதிக்கு உரையாசிரியர்கள் இருவகையாகப் பொருள் கொள்வர்: செய்துவிட்டால் மீண்டும் அத்தகையதைச் செய்யாதே என்பது ஒன்று, உட்கார்ந்து இரங்கிக்கொண்டே இராதே என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளைக் கொண்டாலும், வருந்திக் காலம் கழிக்காதே, எழுந்து ஆக வேண்டியதைப் பார் என்றுதான் நான் படிக்கிறேன். பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல அனுமதியுங்கள். முதல் பக்கத்தில் ஒருவரைத் திருடன் என்று படத்தோடு அச்சிட்டுவிட்டு, ஆறாம் பக்கத்து மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி போடுவது பொதுவாக எல்லா நாளிதழ்களிலும் காணும் வழக்கம். படித்தவர்களில் எத்தனை பேர் அந்த மூலைக்குப் போவார்கள்?

அப்பா இறந்து பல ஆண்டுகள் கழித்து, பட்டறையை மூடிய பின்பு, அந்தத் தொழிலாளியை நான் தேடினேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார் என்றும், அவர் மகள் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார் என்றும் தெரிந்தது. கடந்த தை மாதம் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனேன். அந்த அம்மாள் களத்தில் நின்று, நீளக் கம்பில் பலகை பூட்டிக் காப்பிக் கொட்டையைத் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யார் என்பதையும் 90 கிராம் கதையையும் சொல்லி, அன்று பிடித்த கூலியை வட்டியோடு கணக்கிட்டு உறையில் போட்டுத் திண்ணையில் வைத்து, மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவர் பலகையை நிறுத்தவில்லை.

“எங்கப்பன் சாகறவரைக்கும் அதேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, அறுநூத்தி எழுபதுதான் வாங்கினேன்னு. எங்கம்மாவே நம்பல. இப்ப வந்து என்கிட்ட மன்னிச்சுக்கோன்னா, நான் என்னத்தைச் சொல்றதுங்க? எனக்கா செஞ்சீங்க?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. புராணம், நற்செய்தி, குறள் என்று படித்தது எதுவும் அப்போது வாய்க்கு வரவில்லை. சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: “அந்த நோட்டு இருக்குதுங்களா?”

இருக்கிறது என்றேன்.

“அப்பப் பணத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. நோட்டுல அதைத் திருத்தி எழுதிக்கிட்டு வாங்க. பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம் போனேன். 760 என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 670 என்று எழுதி, ‘பிழை தொழிலாளியுடையதன்று, எழுதியவனுடையது’ என்று குறித்து, தேதியும் கையெழுத்தும் இட்டிருந்தேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் கூப்பிட்டார். அவன் அந்த வரியை உரக்கப் படித்தான். இன்னொரு முறை படிக்கச் சொன்னார், படித்தான். களத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து கேட்டார்கள். பிறகு உறையை வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் மறுபடி கேட்கவில்லை. நான் புறப்படும்போது பேரன் அந்தப் பக்கத்தைத் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.